ஜோக்குதானே என்பவர்களுக்கு

2011ஆம் வருஷம். நான் எம்.ஏ. தமிழ் முதலாண்டு. எங்க காலேஜில் முத்தமிழ் மன்ற விழா. கலையரங்கம் நிறையக் கூட்டம். மேடையில் பட்டிமன்றம். நடுவர் எங்க துறைப் பேராசிரியர். தலைப்பு வழக்கமானதுதான்: குடும்ப மகிழ்ச்சிக்குப் பெரிதும் காரணம் கணவனா, மனைவியா? ஒரு மணி நேரமா பொண்டாட்டி ஜோக்கு ஓடிக்கிட்டு இருக்கு. பொண்டாட்டி வாய், பொண்டாட்டி உடம்பு, பொண்டாட்டி சமையல், பொண்டாட்டியோட அம்மா. மேடையில் இருந்த பெண் பேச்சாளர்களும் அதையேதான் பேசினாங்க. கடைசியில் தீர்ப்புச் சொல்ல நடுவர் எழுந்தார்.

"பசங்களா, வீணா செலவு பண்ணிக் கல்யாணம் கட்டாதீங்க. நம்ம காலேஜிலயே சில பொண்ணுங்க இருக்கு. கவர்மெண்டே சோறு போடுது, பீஸ் கட்டுது, கைச்செலவுக்குக் காசும் குடுக்குது. அதுகளக் கட்டினா சீர்செனத்தியும் கவர்மெண்டே பாத்துக்கும். ஒரே ஒரு கஷ்டம்தான். ராத்திரி கரண்டு போச்சுன்னா பொண்ண எங்கன்னு தேடறது?"

அரங்கமே அதிர்ந்தது. விசில், கைதட்டல். ஆதிதிராவிடர் நல விடுதியிலிருந்து போன நாங்க ஏழு பேர் அஞ்சாவது வரிசையில் உட்கார்ந்திருந்தோம். முன்வரிசையில் இருந்தவங்க திரும்பித் திரும்பி எங்களைப் பார்த்துச் சிரிச்சாங்க. அவர் யார் பேரையும் சொல்லலை, சாதியையும் சொல்லலை. ஆனா அங்க இருந்த எல்லாருக்கும் ஆள் அடையாளம் தெரிஞ்சுபோச்சு.

அப்ப நானும் சிரிச்சேன்.

இத்தனை வருஷமா இதை நான் எங்கேயும் எழுதலை. மேடைகளில் பேசியிருக்கேன், அவர் சொன்னதை மட்டும் சொல்லியிருக்கேன். நான் சிரிச்சதைச் சொன்னதில்லை. சிரிக்காமல் இருந்தால் 'அதுகள்'னு அவர் சொன்னது நாங்கதான்னு ஆகிப்போகும். சிரிச்சால் அது வேற யாரோ என்று ஒரு நிமிஷம் தப்பிச்சுக்கலாம். அந்த ஒரு நிமிஷத்துக்காகச் சிரிச்சேன். பக்கத்தில் இருந்த என் ரூம்மேட் சிரிக்கலை. அவ தலையைக் குனிஞ்சுக்கிட்டா. அவளைத் தனியா விட்டுட்டு நான் அந்தக் கூட்டத்தோட சேர்ந்துட்டேன்.

*

மறுநாள் நாங்க ரெண்டு பேரும் துறைக்குப் போனோம். போகணும்னு சொன்னது அவதான்.

"ஐயா, நேத்து நீங்க மேடையில சொன்னது எங்களுக்கு வருத்தமா இருந்துச்சுங்கய்யா."

அவர் கோபப்படலை. சிரிச்சுக்கிட்டே சொன்னார்: "அட, ஜோக்குதானேம்மா. தமிழ் படிக்கிற புள்ளைங்க, நகைச்சுவை உணர்வு வேணாமா? தொல்காப்பியர் எட்டு மெய்ப்பாட்டுல எதை மொதல்ல வெச்சாரு? நகையைத்தானே?"

அன்னைக்கு எங்களுக்குப் பதில் சொல்லத் தெரியலை. இப்போது தெரியும். அவர் நடத்தின பாடத்திலிருந்தே சொல்கிறேன்.

ஆமாம், மெய்ப்பாட்டியலில் நகைதான் முதலில் வருகிறது. அந்த நகை எதிலிருந்து பிறக்கும் என்று தொல்காப்பியர் நான்கு நிலைக்களன்களைச் சொல்கிறார்: எள்ளல், இளமை, பேதைமை, மடமை. இவற்றில் முதலாவது எள்ளல். பேராசிரியர் இதற்கு உரை எழுதும்போது எள்ளலை இரண்டாகப் பிரிக்கிறார். தான் பிறரை எள்ளிச் சிரிப்பது ஒன்று. பிறர் தன்னை எள்ளும்போது தானும் சிரிப்பது இன்னொன்று. அந்த இரண்டாவது சிரிப்பைத்தான் நான் அஞ்சாவது வரிசையில் உட்கார்ந்து சிரிச்சேன். நூற்றாண்டுகளுக்கு முன்னால் ஓர் உரைகாரர் கண்டுகொண்டதை எங்க பேராசிரியர் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தார்.

நகைக்கு அடுத்து வருவது அழுகை. அதற்கும் நான்கு களன்கள் உண்டு: இளிவு, இழவு, அசைவு, வறுமை. இளிவு என்றால் பிறரால் இகழப்பட்டு எளியராவது. நகையின் முதல் காரணம் எள்ளல், அழுகையின் முதல் காரணம் இளிவு. இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் படித்தால் ஒரே காட்சிதான் தெரிகிறது. மேடையில் இருப்பவன் எள்ளுகிறான், அஞ்சாவது வரிசையில் இருப்பவள் இளிவடைகிறாள். தொல்காப்பியத்தைத் துணைக்கு இழுத்தவர் ஒரு நூற்பாவோடு நிறுத்திக்கொண்டார். அடுத்த நூற்பாவுக்கு வந்திருந்தால் எங்களைப் பார்த்திருப்பார்.

இன்னொன்றும் உண்டு. அதே அய்யாதான் எங்களுக்குக் கலித்தொகை நடத்தினார். மருதக்கலியில் கூனி ஒருத்தியும் குறளன் ஒருத்தனும் பேசிக்கொள்கிற பாட்டு இருக்கிறது. அரண்மனையில் ஏவல் செய்கிறவர்கள். ஒருத்தர் உடம்பை ஒருத்தர் கேலி செய்து, பிறகு கூடுகிறார்கள். அடியோரும் வினைவலரும் ஐந்திணைக் காதலுக்கு உரியவர்கள் இல்லை, அவர்கள் காதல் கைக்கிளையிலும் பெருந்திணையிலும்தான் வரும் என்று இலக்கணம் வைத்தவர்கள் நம்முடைய புலவர்கள். உழைக்கிறவன் காதலிச்சால் அது அவர்களுக்குச் சிரிப்பு. அய்யா அந்தப் பாட்டை முதுகைக் கூனிக் காட்டி, குரலை மாத்தி நடிச்சுக் காட்டினார். வகுப்பு விழுந்து விழுந்து சிரிச்சது. ஆனால் அந்தப் பாட்டிலேயே, அரண்மனையில் இருப்பவர்கள் எங்களைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது என்று வேண்டிக்கொள்கிற ஓர் இடம் வருகிறது. அந்த வரிக்கு மட்டும் அவர் பொருள் சொல்லாமல் தாண்டிப் போனார்.

ஆக, யார் சிரிக்கிறது, யாரைப் பார்த்துச் சிரிக்கிறது என்பது இன்றைக்கு நேற்றுத் தொடங்கின சங்கதி இல்லை. அதற்கு இலக்கணமே இருக்கிறது.

*

'வெறும் பேச்சுத்தானே, கையா வெச்சாங்க?' என்று கேட்கிறவர்கள் உண்டு. அவர்களுக்கு ஒரு விஷயம் சொல்கிறேன்.

என் கூடப் படிச்ச ஒருத்தி வேற ஊரில் பிஎச்.டி. சேர்ந்தாள். அவ ஊர்க் காலனியில் அதுவரைக்கும் எம்.ஏ. தாண்டினவங்க கிடையாது. முதல் மாசம் கைடு ஜோக்கு சொன்னார்: "சேலை கட்டிட்டு வந்தா ஆய்வேடு சீக்கிரம் முடியும்மா." அவ சிரிச்சா. கையெழுத்துப் போடுகிற ஆள், சிரிக்காமல் என்ன செய்வா? ரெண்டாவது மாசம் ராத்திரி பதினோரு மணிக்குப் போனில் இரட்டை அர்த்த ஜோக்கு வந்துச்சு. சிரிக்கிற பொம்மை ஒண்ணைப் பதிலுக்கு அனுப்பினா. மூணாவது மாசம் அறையில் தனியா இருக்கும்போது தோளில் கை வெச்சார். அவ விலகினதும் என்ன சொன்னார் தெரியுமா? "என்னம்மா, விளையாட்டுக்குத்தானே? நீயும் சிரிச்சுக்கிட்டுத்தானே இருந்தே?"

புகார் கொடுத்தாள். விசாரிக்க உட்கார்ந்தவங்களில் ஒரு அம்மாவே கேட்டாங்க: "அவர் ஜோக்கு சொன்னப்ப நீ சிரிச்சியா, இல்லியா?"

சிரிச்சேன்னு சொன்னா. அதோட வழக்கு முடிஞ்சுபோச்சு. இன்னைக்கு அவ ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்புக்குத் தமிழ் நடத்துகிறாள். ஆய்வேடு டிரங்குப் பெட்டியில் கிடக்கிறது.

இப்படித்தான் இது வேலை செய்கிறது. ஜோக்கு என்பது முதலில் வேவு பார்க்க வருகிற ஆள். இவ எதிர்ப்பாளா, சகிச்சுக்குவாளா, இவளுக்குப் பின்னால் கேட்க ஆள் இருக்கா என்று பார்த்துக்கிட்டுப் போகும். சிரிச்சால் சம்மதம் என்று எழுதிக்கொள்ளும். சிரிக்காவிட்டால் திமிர் பிடிச்சவள், சிடுமூஞ்சி, பெண்ணியவாதி என்று பட்டம் வரும். சுத்தி இருந்து சிரிக்கிறவர்கள் எல்லாரையும் அது கூட்டாளியாக்கி விடுகிறது. கூடச் சிரிச்சவன் நாளைக்குச் சாட்சி சொல்ல வரமாட்டான். அவன் வாயும் அடைச்சாச்சு.

இன்டர்னல் மார்க்கு ஒருத்தர் கையில், ஹாஸ்டல் சீட்டு இன்னொருத்தர் கையில், ஸ்காலர்ஷிப் பாரத்தில் கையெழுத்து மூணாவது ஆள் கையில். இத்தனை பேரையும் தாண்டித்தான் எங்க காலனிப் பெண் ஒருத்தி பட்டம் வாங்கணும். இதில் எவர் ஜோக்குக்கு அவள் சிரிக்காமல் இருக்க முடியும்?

1848இல் புனேயில் பள்ளிக்கூடம் நடத்தப் போன சாவித்திரிபாய் புலே மீது சாணியையும் கல்லையும் வீசினார்கள். அவர் கையில் மாற்றுச் சேலை ஒன்றை எடுத்துக்கொண்டு போவார் என்று சொல்வார்கள். இப்போது சாணியை யாரும் கரைக்கிறதில்லை. வாட்ஸ்அப் குரூப்பும் பட்டிமன்ற மேடையும் பிரிவுபசார விழாவில் கொடுக்கிற பட்டப்பெயரும் அதே வேலையைச் செய்கின்றன. படிக்க வந்தவளை, 'இது உன் இடம் இல்லை' என்று வாசலில் வைத்தே தெரியப்படுத்துவதுதான் நோக்கம்.

*

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. அதன் கதையையும் பார்ப்போம்.

1998 ஜூலையில் சென்னை எத்திராஜ் கல்லூரி மாணவி சரிகா ஷா, ஆட்டோவில் வந்த ஆண்கள் செய்த வம்பில் கீழே விழுந்து தலையில் அடிபட்டு இறந்தார். அதற்குப் பிறகுதான் தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்தது. ஒரு பெண் செத்த பிறகு வந்த சட்டத்துக்கும் 'ஈவ் டீசிங்' தடைச் சட்டம் என்றுதான் பேர் வைத்தார்கள். ஏவாளைச் சீண்டுகிறார்களாம். கொலையில் முடிந்த ஒன்றைச் சட்டப் புத்தகமே விளையாட்டுப் பேரில்தான் கூப்பிட்டது. 2002இல்தான் அதைப் பெண்களுக்குத் துன்பம் இழைப்பதைத் தடுக்கும் சட்டம் என்று மாற்றினார்கள். அந்தப் பேர் இன்னும் நம்ம வாயில் அப்படியேதான் இருக்கிறது.

அதற்கு முந்தைய வருஷம், 1997 ஆகஸ்டில், விசாகா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பாலியல் தொல்லை என்றால் என்ன என்று பட்டியல் போட்டது. தொடுவது மட்டும் அல்ல, பாலியல் சாயல் கொண்ட பேச்சும் தொல்லைதான் என்று அப்போதே எழுதியாகிவிட்டது. எங்க நடுவர் மேடையேறியது 2011இல். அதாவது அவர் சொன்னதைத் தொல்லை என்று நாட்டின் உச்ச நீதிமன்றம் சொல்லிப் பதினாலு வருஷம் ஆகியிருந்தது. எங்க காலேஜில் அதைச் சொல்லித் தர ஆள் இல்லை. புகார்க் குழு என்று ஒன்று இருந்ததாக யாருக்கும் தெரியாது.

அந்த விசாகா தீர்ப்பு யாரால் வந்தது? ராஜஸ்தானில் பட்டேரி கிராமத்துப் பன்வாரி தேவியால். குயவர் சாதிப் பெண். அரசுத் திட்டம் ஒன்றில் வேலை பார்த்தவர். குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போனதற்காக 1992இல் ஆதிக்க சாதி ஆண்கள் அவரைக் கூட்டு வல்லுறவு செய்தார்கள். 1995இல் விசாரணை நீதிமன்றம் அவர்களை அந்தக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது. மேல்சாதிக்காரர்கள் கீழ்சாதிப் பெண்ணைத் தொட்டிருக்க மாட்டார்கள் என்பதும் அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. இதைவிடக் கொடூரமான ஜோக்கு ஒன்றை நான் கேட்டதில்லை. கிணற்றில் தண்ணீர் எடுக்க விடாத தீட்டு, டீக்கடையில் தனி கிளாஸ் வைக்கிற தீட்டு, வல்லுறவு செய்கிறபோது மட்டும் எங்கே போகிறது என்று எங்க சனத்துக்கு நல்லாவே தெரியும்.

பிறகு 2013இல் பணியிடச் சட்டம் வந்தது. பல்கலைக்கழக மானியக் குழு 2015ஆம் வருஷத்து விதிகளை 2016இல் அறிவித்தது. அதன்படி ஒவ்வொரு கல்லூரியிலும் உள் புகார்க் குழு இருக்க வேண்டும். உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்கள். மாணவர் சம்பந்தப்பட்ட புகார் என்றால் மூன்று மாணவர்கள், அவர்களும் தேர்தல் மூலம் வந்தவர்கள். துணைவேந்தர், பதிவாளர், டீன், துறைத் தலைவர் ஆகியோர் அதில் உறுப்பினராக இருக்கக் கூடாது. தொண்ணூறு நாளில் விசாரணை முடிய வேண்டும். சாதி, வர்க்கம், சிறுபான்மை அடையாளம் முதலியவற்றால் சில பெண்கள் கூடுதலாகத் தாக்கப்படுவார்கள், அவர்கள் புகார் சொல்வதும் கூடுதல் கஷ்டம் என்று அந்த விதியே ஒத்துக்கொள்கிறது.

இதைவிட முக்கியமான ஒன்று வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் இருக்கிறது. 2015இல் திருத்தி, 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த 3(1)(டபிள்யூ) பிரிவு. பட்டியல் சாதி, பழங்குடிப் பெண் என்று தெரிந்தே அவளிடம் பாலியல் தன்மை கொண்ட சொல்லை, செயலை, சைகையைக் காட்டுவது வன்கொடுமை. ஆறு மாசத்திலிருந்து அஞ்சு வருஷம் வரை தண்டனை. 'ஜோக்குதானே' என்று சொல்கிற ஒவ்வொருத்தரும் இதை ஒரு தடவை படிக்கணும். தலித் பெண்ணைப் பார்த்து நீங்கள் சொல்கிற அந்த மாதிரி ஜோக்கைச் சட்டம் வன்கொடுமை என்று கூப்பிடுகிறது.

ஆனால் எந்தக் கல்லூரி நோட்டீஸ் போர்டில் இந்தப் பிரிவை ஒட்டியிருக்கிறார்கள்? ராகிங் தண்டனைக்குரியது என்று கொட்டை எழுத்தில் போர்டு வைக்கிற கல்லூரி, இதை மட்டும் ஏன் மறைக்கிறது?

2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்திலேயே ஒரு மாணவி பாலியல் வன்முறைக்கு ஆளானார். துணிந்து புகார் கொடுத்தவரின் அடையாளம் எஃப்.ஐ.ஆர். வழியே வெளியே கசிந்தது. சென்னை உயர் நீதிமன்றம் கண்டித்து, அவருக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு தரச் சொன்னது. குற்றவாளிக்கு 2025 ஜூனில் ஆயுள் தண்டனை கிடைத்தது. அந்த ஆறு மாசத்துக்குள் 'ராத்திரி நேரத்தில அவளுக்கு அங்க என்ன வேலை' என்று எத்தனை ஜோக்கு என் போனுக்கே வந்தது! அனுப்பினவர்களில் வாத்தியார்களும் உண்டு. புகார் கொடுத்தால் இதுதான் கிடைக்கும் என்று அடுத்த பெண்ணுக்கு அந்த ஜோக்குகள் பாடம் நடத்தின.

*

இனி அடிப்படை விஷயத்துக்கு வருகிறேன்.

2015 ஜூன் மாதம் கோகுல்ராஜ் என்கிற தலித் பொறியியல் பட்டதாரி கொலை செய்யப்பட்டார். என்ன குற்றம்? கூடப் படித்த ஆதிக்க சாதிப் பெண்ணோடு திருச்செங்கோடு கோயிலில் பேசிக்கொண்டிருந்தார். அவர் உடல் ரயில் தண்டவாளத்தில் கிடந்தது. 2022 மார்ச்சில்தான் கொலையாளிகளுக்குத் தண்டனை வந்தது.

எங்க பையன் ஒரு பெண்ணிடம் மரியாதையாகப் பேசினால் கொலை. அவங்க பையன் எங்க பெண்ணிடம் அசிங்கமாகப் பேசினால் ஜோக்கு. ஒரு பேச்சு குற்றமா, விளையாட்டா என்பதைப் பேச்சு முடிவு பண்ணுவதில்லை. பேசுகிறவன் சாதியும் கேட்கிறவள் சாதியும் முடிவு பண்ணுகின்றன. கல்லூரி வளாகத்தில் 'பெண்கள் பாதுகாப்பு' என்று பேசும்போதெல்லாம் இந்தக் கணக்குத்தான் உள்ளே ஓடுகிறது. 2012இல் தருமபுரியில் நத்தம் காலனியைக் கொளுத்தின காலத்தில் 'நாடகக் காதல்' என்று ஒரு சொல்லைப் பரப்பினார்கள். ஜீன்ஸ் போட்டு, கூலிங் கிளாஸ் மாட்டி, தலித் பையன்கள் பெண்களை மயக்குகிறார்களாம். எங்க பையனின் பேன்டுகூட அவர்களுக்குப் பாலியல் குற்றம்.

இதனால்தான் பாலியல் தொல்லை என்று பேச்செடுத்தாலே நம்ம தோழர்கள் சிலருக்குப் பயம் வருகிறது. புகார்க் குழு என்பது நம்ம பசங்களை மாட்டிவிடுகிற கண்ணி ஆகிவிடுமோ என்கிறார்கள். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. அதனால் தெளிவாகச் சொல்கிறேன். விரும்பிப் பழகுவது வேறு, விரும்பாதவளைத் துன்புறுத்துவது வேறு. இரண்டையும் பிரிக்கிற கோடு அந்தப் பெண்ணின் சம்மதம். அவள் அப்பனின் சாதி மானம் அந்தக் கோட்டைப் போடக் கூடாது. 'அவளுக்கு விருப்பமா' என்ற கேள்வியை நாம் உரக்கக் கேட்டால்தான் 'எந்தச் சாதி' என்ற கேள்வியை விரட்ட முடியும். கோகுல்ராஜுக்காகப் பேசுவதும் என் தோழியின் ஆய்வேட்டுக்காகப் பேசுவதும் ஒரே பேச்சுதான்.

ஆதிக்க சாதிப் பெண்களுக்கும் ஒரு வார்த்தை. 1990இல் மண்டல் அறிக்கையை எதிர்த்து டெல்லி மாணவர்கள் தெருவில் செருப்புக்குப் பாலிஷ் போட்டார்கள், தெருக் கூட்டினார்கள். இடஒதுக்கீடு வந்தால் நாங்கள் இந்த வேலைதான் பார்க்கணும் என்று நையாண்டியாம். எங்க அப்பன் ஆத்தா வயித்துப் பிழைப்பு அவர்களுக்கு நாடகம். வேலையில்லாத கணவர்கள் எங்களுக்கு வேண்டாம் என்று மாணவிகள் அட்டை பிடித்து நின்றார்கள். எங்க சாதியில் ஒரு ஆம்பளை வேலைக்குப் போய், அவனையும் கட்டிக்கலாம் என்ற நினைப்பே அவர்களுக்கு வரவில்லை. 2017இல் ராயா சர்க்கார் என்கிற தலித் சட்ட மாணவர், கல்வி நிறுவனங்களில் தொல்லை கொடுத்தவர்கள் என்று ஒரு பட்டியலை வெளியிட்டபோது, பெயர்பெற்ற பெண்ணியவாதிகள் சிலர் அதைத் திரும்பப் பெறச் சொன்னார்கள், முறைப்படி புகார் கொடுங்கள் என்றார்கள். பட்டியலில் பேர் போடுகிற முறையில் எனக்கும் கேள்விகள் உண்டு. ஆனால் முறையான வழி யாருக்குத் திறந்திருக்கிறது, யாருக்கு மூடியிருக்கிறது என்று கேட்காமல் முறை பேசுவது நியாயம் இல்லை. 'அவர் ஜோக்கு சொன்னப்ப நீ சிரிச்சியா' என்று கேட்டதும் ஒரு பெண்தான்.

*

கடைசியாக நம்ம வீட்டுக்குள் வருகிறேன். இதை எழுத வேண்டாம் என்று என்னிடம் சொன்னவர்கள் இருக்கிறார்கள்.

நாங்கள் நடத்தின படிப்பு வட்டத்தில் பத்தொன்பது வயசுப் பொண்ணு ஒருத்தி இருந்தா. எங்க வட்டத்தில் பறையடிக்கக் கத்துக்கிட்ட முதல் பொண்ணு அவதான். அவ அடிச்சா தெருவே நின்னு கேக்கும். ஒரு கூட்டத்துக்கு ஆள் சேர்க்கிறது எப்படின்னு பேசிக்கிட்டு இருந்தோம். எங்க எல்லாருக்கும் அண்ணனா இருந்த ஒருத்தர், நல்ல பேச்சாளர், சொன்னார்: "அவள முன்னால நிறுத்தி அடிக்கச் சொல்லுங்க. பறையப் பாக்க வரானுங்களோ இல்லியோ, இவளப் பாக்க வருவானுங்க." அம்பேத்கர் படத்துக்குக் கீழே உட்கார்ந்திருந்த அத்தனை தோழர்களும் சிரிச்சாங்க. அடுத்த வாரத்திலிருந்து அவ வரலை. போன் பண்ணினேன். "வேணாங்க்கா. எங்கயும் ஒண்ணுதான்க்கா" என்றாள்.

நான் இதை வட்டத்தில் எழுப்பினேன். "தோழர், இது உள்விஷயம். வெளிய சொன்னா சாதிக்காரனுக்குக் கொண்டாட்டம்" என்றார்கள். அவன் நம்ம பையன், கஷ்டப்பட்டு மேல வந்தவன், ஒரு வார்த்தை வாய்தவறி வந்துட்டா பெரிசு பண்ணணுமா என்றார்கள்.

அண்ணன்மார்களே, ஒண்ணு கேக்கிறேன். பறை அடிச்ச கை ஒண்ணு அடிக்காம நின்னுபோச்சே, அது யாருக்குக் கொண்டாட்டம்? கல்லூரியில் பேராசிரியர் சொன்னப்ப வன்கொடுமை. நம்ம ஆபீஸில் நம்ம அண்ணன் சொன்னா வாய்தவறினதா? 1942 ஜூலையில் நாக்பூரில் நடந்த பெண்கள் மாநாட்டில், ஒரு சமூகத்தின் முன்னேற்றத்தை அதன் பெண்கள் எவ்வளவு முன்னேறியிருக்கிறார்கள் என்பதை வைத்தே அளக்கிறேன் என்ற கருத்தை அம்பேத்கர் சொன்னார். அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் அன்று அந்த அறையில் நாம் எத்தனை அங்குலம்?

எங்களுக்குச் சிரிக்கத் தெரியாது என்று மட்டும் சொல்லாதீர்கள். எங்க ஆயா நடவு நடும்போது வரப்பில் குடை பிடிச்சு நிக்கிற பண்ணையாரைப் பத்தி ஒண்ணு சொல்லும், மொத்த வரிசையும் குனிஞ்சபடியே குலுங்கும். ஏன் சிரிக்கிறாங்கன்னு அவனுக்குக் கடைசி வரைக்கும் தெரியாது. பாமாவின் 'சங்கதி' 1994இல் வந்தபோது, எங்க பெண்களின் நக்கலும் பழிப்பும் வசவும் புத்தகமாகிவிட்டதே என்று எத்தனை பேருக்கு எரிந்தது! எங்க சிரிப்பு கூலி குறைச்சவனைப் பார்த்து, குடிச்சிட்டு அடிக்கிற புருஷனைப் பார்த்து, பூசாரியைப் பார்த்து வந்த சிரிப்பு. கீழே கிடக்கிறவளை மிதிச்சுக்கிட்டு எங்க ஆயா சிரிச்சதில்லை.

அதனால் நகைச்சுவையே வேண்டாம் என்று கேட்கவில்லை. நாங்கள் கேட்பது இதுதான்:

ஒவ்வொரு கல்லூரியிலும் உள் புகார்க் குழு உறுப்பினர்களின் பேரும் போன் நம்பரும் ஆதிதிராவிடர் விடுதிச் சுவர் வரைக்கும் ஒட்டப்பட வேண்டும், தமிழில். குழுவில் தலித் பெண் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். மாணவர் உறுப்பினர்களைத் துறைத் தலைவர் நியமிக்கக் கூடாது. விதியில் சொன்னபடி மாணவர்களே தேர்ந்தெடுக்க வேண்டும். 'நீ சிரிச்சியா' என்ற கேள்வியை எந்த விசாரணையிலும் கேட்கக் கூடாது. வன்கொடுமைச் சட்டத்தின் அந்தப் பிரிவு ராகிங் போர்டுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். நம்ம அமைப்புகள், நம்ம படிப்பு வட்டங்கள், நம்ம பத்திரிகைகள் எல்லாவற்றிலும் பெண்கள் தலைமையில் ஒரு குழு வேண்டும். அதன் முடிவுக்கு எந்த அண்ணனும் கட்டுப்பட வேண்டும்.

குழுவும் சட்டமும் வருகிற வரைக்கும் காத்திருக்காமல் ஒவ்வொருத்தரும் இன்றைக்கே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. அரங்கத்தில் அடுத்த தடவை அப்படி ஒரு ஜோக்கு வரும்போது சிரிக்காதீர்கள். பக்கத்தில் தலை குனிஞ்சிருக்கிறவளைப் பாருங்கள். நானூறு பேர் சிரிக்காமல் உட்கார்ந்திருந்தால் மேடையில் இருக்கிற ஆள் அடுத்த வரி பேச முடியாது. அன்னைக்கு எங்க வரிசையில் ஏழு பேரும் சிரிக்காமல் எழுந்து வெளியே வந்திருந்தால்கூட அந்த விழா வேற விழாவாகியிருக்கும். ஒருத்தி மட்டும்தான் சிரிக்கலை. அவளுக்குத் துணையா நான் இல்லை.

2011இல் அஞ்சாவது வரிசையில் நான் சிரிச்ச அந்தச் சிரிப்பை இந்தப் பக்கத்தில் திரும்ப எடுத்துக்கிறேன். நீங்களும் எங்கேயாவது ஒண்ணு சிரிச்சு வெச்சிருப்பீங்க. போய் எடுத்துக்கிட்டு வாங்க.